முதலில் தரை, பிறகு பாட்டு: பினாங்கில் ஸ்விங் ஆட்ட வார இறுதியை நடத்த

ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் ஸ்விங் ஆட்ட வார இறுதி நடத்தப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டுப் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அறுபது பாட்டைச் சேர்த்து, வரிசை போட்டு, மெருகேற்றி முடித்த பிறகுதான் இடம் தேடக் கிளம்புவார்கள். கிடைப்பதோ மொசைக் தரையும் நாலு மின்விசிறியும் உள்ள ஒரு மண்டபம். நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில் மூன்றாவது பாட்டு வரும்போது பாதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டிருப்பார்கள். டீஜே சரியில்லை என்று பேச்சு எழும். பட்டியலில் ஒரு குற்றமும் இருக்காது. அந்தத் தரைக்கும் அந்த வெக்கைக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். தரை, வெப்பம், எதிரொலி, பக்கத்து வீட்டார் தூங்கும் நேரம் ஆகிய நான்கும் தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

எவ்வளவு இடம் வேண்டும்

ஸ்விங் ஆட்டங்களில் முதன்மையான லிண்டி ஹாப் 1920களின் கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய இணையாட்டம். கைகோத்த இருவர் விலகிப் போய், சுழன்று, திரும்பி வருவார்கள். அதனால் புதியவர்கள் ஆடும்போது ஒரு ஜோடிக்கு 4 சதுர மீட்டர் தேவை. பழகியவர்கள் நெரிசலில் 2.5இல் சமாளிப்பார்கள். மார்போடு மார்பு நெருங்கி ஆடும் பல்போவாவுக்கு 1.5 போதும்.

60 பேர் வருகிறார்கள் என்றால் எந்த நேரத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் ஆடிக்கொண்டிருக்கும். அதாவது 20 ஜோடி, 80 சதுர மீட்டர். நாற்காலி, தண்ணீர் மேசை, பைகள், டீஜே மேசைக்கு இன்னொரு 35. மொத்தம் 115 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,240 சதுர அடி. ஜார்ஜ்டவுன் கடைவீட்டின் ஒரு மாடி 5.5 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் 82 சதுர மீட்டர்தான் வரும். அதிலும் படிக்கட்டும் வானவெளி முற்றமும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகவே ஒரு கடைவீட்டு மாடியில் 40 பேருக்கு மேல் நுழைவுச்சீட்டு விற்காதீர்கள்.

தரையைச் சோதிப்பது

ஆட்டக் காலணியோடு போங்கள். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் முன்பாதத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்று முடிந்து லேசாகப் பிடித்து நின்றால் நல்ல தரை. அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டால் ஒட்டும் தரை: பாதம் நிற்கும், உடம்பு சுழலும், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஒன்றரைச் சுற்றைத் தாண்டினால் வழுக்கும் தரை. அடுத்து குதிகாலைத் தரையில் தட்டுங்கள். "டொக்" என்று உள்ளீடற்ற ஒலி வந்தால் பலகைக்கு அடியில் இடைவெளி இருக்கிறது, அது காலுக்கு வளைந்து கொடுக்கும். "டப்" என்று செத்த ஒலி வந்தால், மேலே மரம் தெரிந்தாலும் அது காங்கிரீட்டில் ஒட்டிய மெல்லிய பலகைதான்; தாக்கமெல்லாம் முழங்காலுக்கும் முன்னெலும்புக்கும் போகும்.

மொசைக், மார்பிள், சிமெண்டு மூன்றிலும் ஆடலாம். ஆனால் நிமிடத்துக்கு 170 தட்டுக்கு மேல் பாட்டு வேண்டாம், ஒரு அமர்வு இரண்டரை மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம். இந்த இரண்டு எண்ணையும் அந்த இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு டீஜேயிடம் அதைத்தான் கொடுக்கப்போகிறீர்கள்.

ஒட்டும் தரைக்குக் காரணம் பெரும்பாலும் சிந்திய பானமும் பளபளப்புக்குப் பூசும் திரவமும். வெறும் வெந்நீரில் இரண்டு தடவை துடைத்துக் காயவிட்டால் பாதி சரியாகிவிடும். பவுடர் தூவும் ஆசை யாருக்காவது கட்டாயம் வரும். விடாதீர்கள். கேரம் பலகைக்கு அது சரி. இங்கே தூவிய மூலை பனிக்கட்டியாகிவிடும், மற்ற இடத்தில் வியர்வையோடு சேர்ந்து பசையாகும், முன்பணமும் திரும்பாது.

நம் கல்யாண மண்டபங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடம் தாராளம், மேடை உண்டு, வண்டி நிறுத்த வசதி உண்டு. ஆடி மாதத்திலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் சனிக்கிழமைகூடக் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் சாவி வாங்கும்போது பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இதுக்கு முன்னாடி இங்க என்ன நிகழ்ச்சி?" கல்யாணம் என்று பதில் வந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அட்சதை அரிசி நாற்காலிக் கால் இடுக்கிலும் சுவரோரத்திலும் எப்போதும் மிச்சம் இருக்கும். தோல் அடி வைத்த காலணிக்குக் கீழே ஒரே ஒரு அரிசி மணி போதும், குண்டு தாங்கியின் குண்டு மாதிரி உருண்டு ஆளைச் சாய்த்துவிடும். ஈரத் துடைப்பத்தில் அரிசி சிக்காது, தள்ளிக்கொண்டுதான் போகும். முதலில் உலர்ந்த மென்துடைப்பத்தால் சுவரிலிருந்து நடுவுக்குக் கூட்டி அள்ளுங்கள், பிறகு துடையுங்கள். குத்துவிளக்கின் எண்ணெய் சிந்திய இடம் மேடைக்கு முன்னால்தான் இருக்கும். சோப்புத் தண்ணீர் போட்டு அதைத் தனியாகக் கழுவுங்கள். கோயிலைச் சேர்ந்த மண்டபமென்றால் மது, மாமிசம், காலணி பற்றிய விதிகளை நுழைவுச்சீட்டு விற்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பழைய கடைவீட்டு மேல்மாடிப் பலகைத் தரை ஆடுவதற்குச் சொர்க்கம். ஆபத்தும் அங்கேதான். லிண்டி ஹாப்பில் ஒவ்வொரு தட்டுக்கும் முழங்கால் லேசாக மடங்கி எழும். 150 வேகத்தில் 40 பேர் ஒரே சமயத்தில் மடங்கினால் வினாடிக்கு 2.5 முறை மொத்த எடையும் உத்தரத்தில் இறங்கி ஏறுகிறது. ஆறு பேரை நடுவில் நிறுத்தி அதே வேகத்தில் முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். ஒருவர் கீழ்த்தளத்தில் நின்று தொங்கும் விளக்கைப் பார்க்கட்டும். விளக்கு ஆடினால் அந்த மாடி உங்களுக்கு வேண்டாம். ஆடாவிட்டாலும், தரை எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தது இருக்கிறதா என உரிமையாளரைக் கேளுங்கள். அது தெரியாத மாடியில் எல்லோரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் வைக்கும் ஷிம் ஷாம் போன்ற வரிசை ஆட்டத்தை வைக்காதீர்கள். அதைத் தரைத்தள இரவுக்கு ஒதுக்குங்கள்.

வெக்கை

மிதமாக ஆடும் ஒருவர் உடம்பிலிருந்து சுமார் 250 வாட் வெப்பம் வெளியேறும். 50 பேருக்கு 12,500 வாட். ஒரு ஹெச்பி ஏர்கோன் மணிக்கு ஏறத்தாழ 9,000 பிடியூ, அதாவது 2,600 வாட் வெப்பத்தை இழுக்கும். ஆக, ஆட்களுக்கு மட்டுமே 5 ஹெச்பி போய்விடுகிறது. வெயில் வாங்கிய சுவர், கூரை, விளக்கு எல்லாம் அதற்கு மேல். "ஏர்கோன் இருக்கு" என்ற பதிலோடு திரும்பி வராமல், எத்தனை ஹெச்பி, எத்தனை பெட்டி, எல்லாம் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடவிட வேண்டும். ஆட்கள் நிறைந்த பிறகு குளிர வைக்க முடியாது.

தண்ணீர் கணக்கு எளிது: மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர். 60 பேருக்கு 19 லிட்டர் குடுவை நான்கு. குடுவை மேசையை ஆடுகளத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, கீழே பாய் போட்டு வையுங்கள். வழுக்கி விழும் சம்பவங்களில் பெரும்பகுதி தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில்தான் நடக்கும். இரண்டு மாற்றுச் சட்டையும் ஒரு துண்டும் எடுத்துவரச் சொல்லி அழைப்பிலேயே எழுதுங்கள். மழை நாளில் வாசலில் பழைய துண்டு விரித்து, வெளிக் காலணியைக் கழற்றி வைக்க ஒரு தட்டும் போடுங்கள்.

ஏர்கோன் இல்லாத இடமும் திறந்தவெளியும் என்றால் பட்டியல் முழுவதையும் 15 முதல் 20 வரை இறக்க வேண்டும். உள்ளே 160 சுகமான வேகம் என்றால் வெளியே 140தான் அதற்குச் சமம்.

இடம் பேசும்போது

மூன்று நாளுக்கும் ஒரே இடம் பிடிக்க வேண்டியதில்லை. வெள்ளி இரவுக்குச் சிறிய காப்பிக்கடையோ பாரோ போதும். சனி பகல் வகுப்புக்குக் கண்ணாடி பதித்த நடனக்கூடம் வேண்டும். சனி இரவுக்குத்தான் பெரிய மண்டபம். ஞாயிறு மாலைக்குத் திறந்தவெளி நன்றாக இருக்கும். ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டிப்போ போன்ற கலைவெளிகளில் ஞாயிறு சந்தைக் கூட்டமே பார்வையாளர்களாகிவிடும். பாடாங் கோத்தா லாமா கடற்கரை ஓரம் காற்றோட்டமானது, ஆனால் பொது இடம். மாநகர் மன்ற அனுமதி கையில் இருக்க வேண்டும்.

திறந்தவெளியில் சிமெண்டு சொரசொரப்பாக இருந்தால் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை விரிக்கலாம். 8க்கு 4 அடிப் பலகை ஒன்று கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். 60 சதுர மீட்டருக்கு 20 பலகை. செங்கல் அடுக்குவதுபோல மூட்டுகள் நேர்கோட்டில் வராமல் மாற்றி அடுக்கி, மூட்டுகள் மேல் 5 சென்டிமீட்டர் துணி டேப் ஒட்டுங்கள். மழையில் நனைந்த பலகையை அன்றே விரிக்காதீர்கள், மூலை மேலே சுருளும். மேக மூட்டமாக இருந்தால் தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழை அதிகம், அந்த மாதங்களில் திறந்தவெளியை நம்பி நுழைவுச்சீட்டு விற்க வேண்டாம்.

தேதி பார்க்கும்போது தைப்பூசத்தைத் தவிர்க்க வேண்டும் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீனர்களின் ஏழாம் மாதம் மட்டும் பலருக்கு மறந்துவிடும். அப்போது தெருவோர மேடைகளில் இரவு முழுக்க ஒலிபெருக்கிக் கச்சேரி நடக்கும். சன்னல் மூடினாலும் உங்கள் கிளாரினெட் அதோடு போட்டி போட முடியாது. ஆடி மாதமும் அதுவும் சில வருடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும், மண்டபம் மலிவு என்று அவசரப்படும் முன் தெருவை ஒரு நடை நடந்து கேட்டுவிடுங்கள்.

பள்ளிவாசல் பக்கத்தில் திறந்தவெளி ஆட்டமென்றால் பாங்கு நேரத்தில் பாட்டை நிறுத்துவது வழக்கம். மக்ரிப் ஏழுக்கும் ஏழேமுக்காலுக்கும் இடையில் மாதத்துக்கு மாதம் மாறும். இஷா அதற்கு ஒன்றேகால் மணி நேரம் கழித்து. அன்றைய நேரத்தைப் பார்த்து, அந்த இடைவேளையை அறிவிப்புக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கிவிட்டால் யாருக்கும் அது தடையாகத் தெரியாது.

கேளிக்கை உரிமம் இடத்திடம் ஏற்கெனவே இருக்கிறதா, அதில் நடனமும் நேரடி இசையும் அடங்குமா என்று நகலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வெளிநாட்டு இசைக்கலைஞரை மேடையேற்றினால், அதற்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலுக்கு விண்ணப்பம் தனி. அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். 1930களின் பாட்டுக்கு உரிமத் தொகை எதற்கு என்று கேட்பார்கள். மலேசியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான பிறகு 50 ஆண்டுதான். ஆனால் மெட்டையும் வரிகளையும் எழுதியவரின் உரிமை அவர் இறந்த பிறகும் 50 ஆண்டு நிற்கும், ஆகவே பழைய பதிவு என்பதால் எல்லாம் இலவசமாகிவிடாது. பொது இடத்தில் ஒலிக்கும் இசைக்கு எம்ஏசிபி (பாட்டை எழுதியவர்களுக்கானது), பிபிஎம் (ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கானது) அமைப்புகளின் உரிமத்தை இடத்துக்காரர் எடுத்திருக்கிறாரா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

கடைவீட்டுச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். இரண்டு நாள் முன்பே ஒரு டின் முறுக்கோடு போய், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி, ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டார் உங்களை அழைத்தால் ஒலியைக் குறைப்பதோடு விஷயம் முடியும். வேறு யாரையாவது அழைத்தால் இரவே முடிந்துவிடும்.

ஒலி

80 முதல் 100 பேர் வரை 12 அங்குல ஒலிபெருக்கி இரண்டு போதும். தாங்கியில் ஏற்றி, மேல்பகுதி தலைக்கு மேலே, சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நடுக்களத்தில் 85 முதல் 90 டெசிபல் தாண்ட வேண்டாம். ஜோடிகள் பெயர் கேட்டு அறிமுகமாகிக்கொள்ள வேண்டுமல்லவா. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பழைய இசைத்தட்டில் அங்கே இசை கிடையாது, உறுமல்தான் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைப்பதும் அந்த உறுமல்தான்.

நீண்டு ஒடுங்கிய கடைவீட்டில் ஒலிபெருக்கிகளைக் குறுகிய சுவரில் வைத்து நீளவாக்கில் நோக்கவிடுங்கள். பின்பாதிக்குக் கேட்கவில்லை என்று நடுவில் இன்னொரு ஜோடி வைத்தால் தாமதம் கொடுக்கத் தவறாதீர்கள். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் ஓடும். முன் ஒலிபெருக்கிக்கும் பின் ஒலிபெருக்கிக்கும் 12 மீட்டர் என்றால் 35 மில்லிவினாடி. ஒலிக் கலவைப் பெட்டியில் (மிக்சர்) பின் ஜோடிக்கு அந்தத் தாமதத்தைப் போடாவிட்டால் ஒவ்வொரு தட்டும் இரண்டாகக் கேட்கும், பின்னால் ஆடுகிறவர்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறுவார்கள்.

இடது, வலது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் மோனோவாக்கி அனுப்புங்கள். 1950களின் கடைசியில் வந்த ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் தாளக் கருவி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்; அந்தப் பக்கம் நிற்காதவர்களுக்குத் தட்டே கேட்காது.

மடிக்கணினியை விமானப் பயன்முறையில் போடுங்கள். புளூடூத் வேண்டாம், இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டவும் வேண்டாம்; எல்லாம் வட்டில் இருக்க வேண்டும். மின்னேற்றியைச் செருகியதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் நடுவில் அந்த இரைச்சலை வெட்டும் டிஐ பெட்டி ஒன்று போட வேண்டும். அதே பட்டியல் உள்ள இன்னொரு கைப்பேசியும் ஒரு உபரி வடமும் மேசையில் தயாராக இருக்கட்டும்.

வேகம்

ஸ்விங் என்ற சொல்லுக்கு விளக்கம் தேடி அலைய வேண்டாம், நம்மிடமே இருக்கிறது. ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து "தகிட, தகிட" என்று திஸ்ர நடையில் சொல்லுங்கள். நடுவில் உள்ள "கி"யை விழுங்கி முதலும் கடைசியும் மட்டும் ஒலிக்கட்டும்: "த…ட, த…ட". அந்த நொண்டல்தான் ஸ்விங். வேகம் ஏற ஏற நொண்டல் தட்டையாகும், 220க்கு மேல் கிட்டத்தட்ட நேராகிவிடும். அடிப்படை அடி எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம்போல என்று வைத்துக்கொள்ளலாம். கைதட்டுவது மட்டும் 2, 4, 6, 8இல். நம் அரங்கம் முதல் தட்டில் தட்டிப் பழகியது. முதல் வகுப்பிலேயே இதைத் திருத்திவிட்டால் சனிக்கிழமை இசைக்குழு உங்களை வாழ்த்தும்.

பாட்டின் வேகத்தை நீங்களே எண்ணுங்கள்: 15 வினாடியில் எத்தனை தட்டு, பெருக்கல் நான்கு. மென்பொருள் சொல்லும் எண்ணை அப்படியே நம்பினால் 160 பாட்டு 80 என்று விழும், 100 பாட்டு 200 என்று விழும். கணக்கு இதுதான்: 60 முதல் 100 ப்ளூஸ், 120 முதல் 140 புதியவர்களுக்கு, 140 முதல் 170 எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடும் வேகம், 180க்கு மேல் மூச்சு வாங்கும், 200ஐத் தாண்டினால் பல்போவாக்காரர்களும் வெறியர்களும் மட்டும் மிஞ்சுவார்கள்.

வரிசை அலைபோல இருக்க வேண்டும். ஆறு பாட்டுக்கு ஒரு அலை: 135, 150, 165, 185, 155, 125. ஏறக்குறைய இருபது நிமிடம். அடுத்த அலையை ஐந்து கூட்டித் தொடங்குங்கள். இரண்டு வேகப் பாட்டு அடுத்தடுத்து வந்தால் களம் காலியாகும். மூன்று மெதுப்பாட்டு அடுத்தடுத்து வந்தால் ஆட்கள் கைப்பேசியை எடுப்பார்கள். களத்தில் பாதிக்கும் குறைவாக ஆட்கள் இருந்தால் அடுத்த பாட்டு, பட்டியலில் என்ன இருந்தாலும், 145ஆக இருக்கட்டும். மணிக்கு 17, 18 பாட்டு ஓடும், மூன்று மணி நேரத்துக்கு 54 வரை. கையில் 120 வைத்திருங்கள்.

எந்தப் பதிவு என்பதையும் அறைதான் சொல்லும். சிமெண்டுச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள மண்டபத்தில் 1930களின் பதிவுகள் எதிரொலியில் கரைந்து கூழாகிவிடும். அங்கே 1950களின் பிற்பகுதியில் கவுண்ட் பேசி குழு பதித்தவையும், இன்றைய ஸ்விங் குழுக்களின் தெளிவான பதிவுகளும் நிற்கும். சிறிய காப்பிக்கடையிலோ பழைய இசைத்தட்டுதான் இனிமை, பேச்சுச் சத்தத்துக்கு மேல் டிரம்பெட் தனியாகத் தெரியும். 1930களின் குழுத்தலைவர்கள் சிக் வெப், பென்னி குட்மேன், எலிங்டன் எல்லாம் வெள்ளி இரவுக்கு. 1942 ஆகஸ்டிலிருந்து அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுப் புறக்கணிப்பு நடத்தியது. பெரிய நிறுவனங்களில் அது 1944 நவம்பர் வரை நீண்டது. அந்த இடைவெளியைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அதற்கு முன்னும் பின்னும் தேடுங்கள்.

வெட்ட வேண்டியவை: 20 வினாடிக்கு மேல் முன்னிசை உள்ளவை, நான்கரை நிமிடத்தைத் தாண்டுபவை, நடுவில் வேகம் மாறுபவை, ஒரு நிமிடம் கைதட்டல் பதிவானவை. பாட்டுகளை ஒன்றோடொன்று மங்கவைத்துக் கலக்காதீர்கள். கடைசித் தட்டில் ஜோடி நிற்க வேண்டும், நன்றி சொல்லி அடுத்தவரைத் தேட ஏழெட்டு வினாடி வேண்டும்.

சந்திரபாபு பாட்டு ஒன்று போடுங்களேன் என்று யாராவது வருவார்கள். பினாங்கில் 1929இல் பிறந்த மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் பாட்டையும் கேட்பார்கள். மறுக்க வேண்டாம். ஆனால் முன்கூட்டியே "த…ட" சோதனை செய்து பாருங்கள். பல ட்விஸ்ட், ராக் அண்ட் ரோல் பாணியில் நேர்நடையாக இருக்கும், லிண்டி ஹாப் அடி அதில் உட்காராது. நொண்டுகிற இரண்டைத் தேடி ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி இசை

நல்ல ஜாஸ் கலைஞர்கள் கிடைப்பார்கள். ஆட்டத்துக்கு வாசித்துப் பழக்கமில்லை என்பதுதான் சிக்கல். உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு எட்டு நிமிடம் வாசிப்பவர்களிடம் "நீளமாக வேண்டாம்" என்று சொன்னால் ஆறு நிமிடம் வாசிப்பார்கள். சுற்றுக் கணக்கில் சொல்லுங்கள்; சுற்று என்றால் மெட்டு ஒருமுறை முழுதாக வந்து முடிவது, அளவை என்றால் நான்கு தட்டு. 32 அளவைப் பாட்டின் ஒரு சுற்று 128 தட்டு. 160 வேகத்தில் 48 வினாடி. மெட்டு ஒரு சுற்று, தனி வாசிப்பு இரண்டு சுற்று, மீண்டும் மெட்டு என்றால் 3 நிமிடம் 12 வினாடி. அதற்கு மேல் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். 12 அளவை ப்ளூஸ் என்றால் ஒரு சுற்று 18 வினாடி, பத்துச் சுற்று போதும்.

பாட்டுப் பட்டியலை வேகத்தோடு கேட்டு வாங்குங்கள். நடுவில் நேர்நடையில் போகும் போஸா நோவா வேண்டாம். பேஸ் வாசிப்பவர் தட்டுக்கு ஒரு சுரமாக நடக்க வேண்டும், டிரம்மில் காலால் மூடும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் இரண்டிலும் நான்கிலும் மூட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்றதை ஆட்டக்காரர்கள் மன்னித்துவிடுவார்கள். 45 நிமிட அமர்வு மூன்று, ஒவ்வொன்றிலும் 10, 11 பாட்டு, நடுவில் 15 நிமிட இடைவேளை. 1926இல் திறந்த ஹார்லெமின் சாவாய் நடனக்கூடத்தில் இரண்டு மேடை இருந்தது, ஒரு குழு இறங்கும்போது மற்றது தொடங்கிவிடும். உங்களுக்கு இன்னொரு குழு வேண்டாம், டீஜே போதும். ஆனால் குழு கடைசியாக வாசித்த வேகத்துக்குப் பத்துக் குறைவாக அவர் தொடங்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் களைத்திருப்பார்கள்.

ஐந்து பேர் குழுவுக்கு 4க்கு 3 மீட்டர் மேடை. நல்ல ஆட்டத் தரையில் டிரம் வழுக்கிப் போகும், கீழே கம்பளம் போடுங்கள். ஏர்கோன் காற்று நேராகக் கிளாரினெட் மேல் அடித்தால் சுருதி இறங்கும். ஒலிச் சோதனை கதவு திறப்பதற்கு 90 நிமிடம் முன்பே முடியட்டும். தண்ணீர் சூடாக்கும் கெட்டிலை இசைக்குழுவின் மின்செருகில் யாரும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 13 ஆம்பியர் செருகியில் கெட்டில் ஒன்றே முக்கால்வாசியை இழுத்துக்கொள்ளும்.

மூன்று நாள் ஓட்டம்

வெள்ளிக்கிழமை மாலை பாலம் நெரியும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை ஈடிஎஸ் ரயிலில் வருகிறவர்களுக்கே நாலு மணி நேரத்துக்கு மேலாகும், பிறகு ஃபெரி. ஆகவே ஒன்பதுக்கு முன் தொடங்காதீர்கள். 120 முதல் 165 வரை போதும், பெயர் பழகட்டும்.

சனி பகல் வகுப்பு 11லிருந்து 4 வரை, நடுவில் ஒன்றரை மணி நேரச் சாப்பாடு. நாசி கண்டார் வரிசைக்கு அரை மணி நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வகுப்பில் பயன்படுத்திய பாட்டுகள் மூன்றை அன்றிரவு முதல் மணி நேரத்தில் போட்டால் புதியவர்கள் களத்துக்கு வருவார்கள். இரவு 8.30க்குக் கதவு, 9.05க்குக் குழு, 10.50க்குக் குழுவின் இரண்டாவது இடைவேளையில் ஷிம் ஷாம். அதற்கு ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழுவின் 1939 பதிவு ஒன்றுதான் எல்லா ஊரிலும் வழக்கம். கேட்டாலே ஆட்கள் ஓடி வருவார்கள். உச்ச வேகம் 10.30க்கும் 11.15க்கும் இடையில் மட்டும். அதன் பிறகு இறங்கி, 11.50க்கு 110 வேகத்தில் கடைசிப் பாட்டு. கூட்டம் நேரே மாமாக் கடைக்குத்தான் போகும். முப்பது பேர் வருவோம் என்று கடைக்காரரிடம் மாலையிலேயே சொல்லிவைத்தால் ரொட்டி சானாய் மாவு தீர்ந்துபோகாது.

ஞாயிறு கால்கள் கெட்டிருக்கும். மாலை 4.30லிருந்து 8 வரை, பாங்கு இடைவேளை போக, 115 முதல் 150. வேகமாக வேண்டும் என்பவர்களுக்கு 200இல் ஒரே ஒரு பாட்டு, வட்டம் கட்டி நடுவில் ஆடட்டும். எட்டுக்குப் பிறகு பலகையைக் கழற்ற ஆறு பேரின் பெயரை முன்பே எழுதி வையுங்கள், கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டிருப்பார்கள், கேட்டால் ஆள் கிடைக்காது. டேப்பை நீளவாக்கில் மெதுவாக உரியுங்கள். சடாரென்று இழுத்தால் பலகையின் மேல்தாள் கூடவே வந்துவிடும்.